ஏறிய கியர்

நாற்பத்தொன்றாம் நாள்.
பூம்பாறையில் பூண்டு மூட்டை ஏற்றும்போது
தார்ப்பாய் மேல் உறைபனி, உப்புத் தூவியது போல.
வெறுங்காலால் கிளட்சை மிதித்தேன்.
இரும்பு கடித்தது.
கடிக்கட்டும் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

பீடி இல்லை, கவிச்சி இல்லை,
சிமெண்டுத் தரையில் துண்டு விரித்துப் படுக்கை.
டீக்கடையில் நாலு பேர் பார்க்கப்
பச்சைத்தண்ணீர்க் குளியல்.
பொம்முத்தாய் தூக்குச்சட்டியை நீட்டிச் சொன்னாள்:
"தம்பிகூடப் பேசாத மூணு வருசத்தையும்
விரதக் கணக்குல சேத்துக்கங்க.
முருகன் கூட்டிக் கழிச்சுப் பாத்துக்குவான்."

வடகவுஞ்சி தாண்டினால் சாலை தலைகீழ்.
ஏறிய கியரிலேயே இறங்கு:
இந்த மலையில் லாரி ஓட்டும் எவனுக்கும் தெரிந்ததுதான்.
ஐந்து டன் பூண்டு
முதுகில் கைவைத்துத் தள்ளும்.
பள்ளம் வா வா என்னும்.
நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம், உயிர் செலவு.
இரண்டாவதில் போட்டு
எஞ்சின் முனகுவதைக் கேட்டுக்கொண்டே
இறங்க வேண்டும்.

தவம் என்றால் வெப்பம் என்று
நாட்காட்டித் தாளின் பின்புறம் படித்திருந்தேன்.
எதன் வெப்பம் என்று போட்டிருக்கவில்லை.

சவரிக்காட்டு வளைவில் முதலில் கருகல் வாடை,
பிறகு புகை,
பிறகு மலையாண்டியின் ஜீப்.
மேலே பீன்ஸ் மூட்டை. கையில் தண்ணீர் கேன்.
ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.
கொதிக்கிற டிரம்மில் ஊற்றினால் விரிந்துவிடும்,
அவனுக்கும் தெரியும். ஆனால் ஒட்டன்சத்திரத்தில்
ஏலம் யாருக்கும் காத்திருக்காது.

ஒரு சக்கரத்துக்கு நான் கல் வைத்தேன்.
இன்னொன்றுக்கு அவன்.
உட்கார்ந்தோம், நடுவே ஒரு ஆள் இடம் விட்டு.

கீழே சமவெளி. அதில் பொட்டளவு பழனி.
கிணற்றுப் பங்கு, வரப்பு, அம்மாவின் தோடு,
பஞ்சாயத்தில் அவன் சொன்ன அந்த ஒரு சொல்,
எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன.
விழுங்கவில்லை. துப்பவும் இல்லை.
உள்ளே ஏதோ முனகிக்கொண்டிருந்தது.

என் மாலையைப் பார்த்தான். பாதத்தைப் பார்த்தான்.
வெடிப்பில் ரத்தம்.
செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினான்.
போட்டுக்கொள்ளக் கூடாது. அதன்மேல்
காலை வைத்தேன், அவ்வளவுதான்.
இளஞ்சூடாக இருந்தது.

அரை மணி கழித்துக் கேட்டேன்,
மூன்று வருடத்தில் முதல் வார்த்தை:
"கல்லை எடுத்துரட்டுமா?"

டிரம்மை விரலால் தொட்டுவிட்டு,
"இருண்ணே," என்றான்.
"இன்னும் ஆறல."