பதினோராம் மாடியில் ஓர் ஆறு

காலாங் ஆற்றில் துடுப்புப் போட்ட
பதினாறு வருடமும்
நீரைப் பற்றி நான் எழுதியதெல்லாம்
அதன் மேல்தோலைப் பற்றித்தான்.
எந்தப் பாலத்தடியில் காற்று முகம் திருப்பும்,
எந்தப் படிக்கட்டில் நீர்நாய்கள்
வாயில் மீனோடு கரையேறும்,
கயாக் கவிழ்ந்தால் முதலில் எதைப் பிடிப்பது:
துடுப்பை, தொப்பியை அல்ல.

என் வழிகாட்டி நூலின் நாற்பத்தோராம் பக்கத்தில்
ஒரு வரி உண்டு.
'இங்கே தண்ணீருக்குக் குறைவில்லை.'

அடுத்த நூலுக்காக ஜொகூருக்குப் போனேன்,
மழை முகம் காட்டாத ஒரு பிப்ரவரி.
வரைபடத்தில் நீலமாய் வளைந்த இடத்தில்
படகின் அடிவயிறு மணலை உரசியது.
இறங்கி, கயாக்கைத் தோளில் ஏற்றி
ஆற்றின் நடுவே நடந்தேன்,
கணுக்கால்கூட நனையவில்லை.
எங்கள் சமையலறைக் குழாயின் மறுமுனை
இங்கேதான் எங்கோ இருக்கிறது
என்று தோன்றியபோது
தாகமாக இருந்தது. புட்டியைத் திறக்கவில்லை.

அந்த நூல் வரவில்லை.

இப்போது தோ பாயோவில் கதவு கதவாய்த் தட்டுகிறேன்.
கையில் படிவம், ஒரு சிறு குப்பி நீலச் சாயம்.
பதினோராம் மாடியில் திரு வேதரத்தினம்,
வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர்,
கம்பிக் கதவுக்குப் பின்னிருந்து கேட்டார்:
"யார் நீர்?"
"ஆமாம் ஐயா, நீர்தான்" என்றேன்.
சிரிக்கவில்லை. ஆனால் திறந்தார்.

கழிவறைத் தொட்டியில் பத்துச் சொட்டு.
கால்மணி நேரம் யாரும் தண்ணீர் விடக்கூடாது.
தொலைக்காட்சியில் யாரோ பெனால்டியைத் தவறவிட்டார்கள்.
அவர் தந்த கோப்பியில் சர்க்கரை அதிகம்.

பிறகு இருவரும் குனிந்து பார்த்தோம்.
வெள்ளைப் பீங்கானில்
ஒரு நூலிழை நீலம்,
அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

பழக்கம் விடவில்லை.
இடப்பக்கச் சாய்வு, மெதுவான ஓட்டம்,
பாறை இல்லை, சுழல் இல்லை,
புதியவர்களுக்கு ஏற்ற ஆறு
என்று மனம் தானாகக் குறிப்பெடுத்தது.

"எத்தனை நாளாய் ஓடுகிறது?"
செய்தி வாசிக்கும் குரலில் கேட்டார்.
தெரியாது என்றேன். படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
விளிம்பில் எழுதினேன்: இரவும் பகலும்.

அந்த நீலத்தைப் பார்க்கச் சகிக்காமல்
நான் தடுப்பதற்குள்
அவர் கைப்பிடியை அழுத்திவிட்டார்.

ஒன்பது லிட்டர்.