ஆட்டு ரத்தத் தட்டு

இரவு இரண்டே கால்.
ஊசிக் குழலுக்குள் கால் மில்லிகூட இல்லை.
சீட்டில் எழுதியிருந்தது:
பார்ரியா, எலெவுத்தேரியோ. ஐம்பத்தெட்டு.
வலது கண். வேலிக்கம்பி.

புந்தா அரேனாஸில் அக்டோபர் காற்று.
அதற்குப் பழகிய ஜன்னலே
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

இதைக் கண்ணீர் என்று சொல்ல முடியாது.
கண்ணீர் வெளியே வரும்,
நாலு பேர் பார்த்திருப்பார்கள்.
இது உள்ளேயே இருப்பது.
பிறந்த நாளிலிருந்து ஒருமுறையும் மாற்றாத நீர்.
மனைவி, பனி, கடன் நோட்டீஸ்,
முப்பது வருஷ ஆடுகள்,
எல்லாம் இதற்குள் புகுந்துதான் அவரைச் சேர்ந்திருக்கும்.
கண்ணாடியாய் இருக்க வேண்டியது
மாவு கரைத்த தண்ணீராய் வந்திருந்தது.

பிரித்தேன்,
ஒரு ரொட்டியை நாலு பேருக்குப் பிய்ப்பதுபோல.
ரத்தத் தட்டுக்கு ஒரு சொட்டு.
சாக்லேட் தட்டுக்கு ஒன்று
(சாக்லேட் இல்லை, காய்ச்சிய ரத்தம்;
புதிதாக வருகிறவர்கள் எல்லோரும்
ஒருமுறை மோந்து பார்ப்பார்கள்).
குழம்புக் குப்பிக்கு ஒன்று.
மிச்சம், ஊசியின் கழுத்தில் ஒட்டியிருந்தது,
கண்ணாடிச் சில்லுக்கு.

ஊதா. ஒரு நிமிடம்.
அயோடின். ஒரு நிமிடம்.
ஆல்கஹால், இதற்குக் கடிகாரம் உதவாது,
கைதான் சொல்லும்.
பிறகு சிவப்பு.
தண்ணீர், ஒற்றும் தாள், ஒரு சொட்டு எண்ணெய்.

முதல் இருபது புலங்களில்
வெள்ளணுக்கள் மட்டும்.
சண்டைக்கு ஓடிவந்து
வாசலிலேயே குவிந்து கிடந்தன.
இருபத்தொன்றில்
இரண்டு குச்சிகள்,
முனையோடு முனை ஒட்டி,
சாயம் போகாத ஊதா.

எங்கும் இருப்பதுதான் இது.
மண்ணில், தூசியில், ஆறிய சோற்றில்,
ஏன், இந்த மேஜையில்.
எட்டு வருஷத்துக்கு முன்
ஒரு சளித் தட்டில் இதையே பார்த்து
'வெளி அசுத்தம்' என்று எழுதி வீசினேன்.
அது தப்பில்லை. அது சளி.

கண்ணுக்குள் எங்கும் இருப்பது இருக்கக் கூடாது.

இன்னொரு முறை தேடினேன்.
நாற்பதாவது புலத்தில் மூன்றாவது குச்சி.
தொலைபேசியை எடுத்தேன்.
டாக்டர் யெர்கா வுகசோவிச்
முதல் மணியிலேயே எடுத்தார்.
"நிச்சயமா?"
"இல்லை. ஆனால் கம்பி மண்ணில் கிடந்த கம்பி."
பேச்சில்லை.
பின்னால் யாரோ ஸ்டீல் தட்டை நகர்த்தினார்கள்.
"மருந்து ஏற்றியாகிவிட்டது.
விடியட்டும் என்றிருந்தேன். வேண்டாம்,
இப்போதே திறக்கிறேன்."

மதியம் இன்குபேட்டரைத் திறந்தால்
ரத்தத் தட்டில்
அரைத்த கண்ணாடி மாதிரி சாம்பல் கூட்டங்கள்.
ஒவ்வொன்றையும் சுற்றி
சிவப்பைத் தின்று தீர்த்த வட்டம்.
வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன்.
வட்டத்தின் வழியே
சுவர்க் காலண்டரின் தேதி தெரிந்தது.
தட்டில் இது செய்ததெல்லாம்
தெளிவாக்கியதுதான்.
அவர் கண்ணிலோ
இருட்டிக்கொண்டு போயிருந்தது.

ஐந்து வாரம் கழித்து
ஆய்வுக்கூட ஜன்னலில் ஓர் ஆள்,
தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.
என்னிடம் நோயாளிகள் வருவதில்லை,
சொட்டுகள்தான் வரும்.
"என் கண்ணிலிருந்து எடுத்ததைப் பார்த்தது நீங்கள்தானாமே?
அது என்ன நிறம்?"
ஊதா என்றேன்.
யோசித்தார்.
"எதில் போட்டு வளர்த்தீர்கள்?"
ஆட்டு ரத்தத்தில்.
உரக்கச் சிரித்துவிட்டார்.
காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
"வேலி எங்கே அறுந்ததென்று
ஆட்டுக்குத்தான் முதலில் தெரியும், அம்மணி."

வலது கண்ணில் இப்போது
கை அசைவது தெரிகிறதாம்.
யாருடைய கை என்று தெரியாதாம்.
நான் இன்னும் ஒரு மணி நேரம் முந்தியிருந்தால்
என்று தொடங்கினேன்.
அவர் அதைக் கேட்கவில்லை,
அல்லது கேட்டும் விட்டுவிட்டார்.

"அந்தத் தட்டு இருக்கிறதா?"
இல்லை. அந்த வாரமே
நூற்றிருபத்தொரு டிகிரி நீராவியில் வேகவைத்து
எறிந்தாயிற்று.
"நல்லது," என்றார்.

தொப்பியை மாட்டிக்கொண்டு
கதவுப் பிடிக்குக் கை நீட்டினார்.
முதல் முறை காற்றைப் பிடித்தார்.
இரண்டாம் முறை பிடியை.