பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு

காட்பாடித் தியேட்டரில் மதியக் காட்சி.
விண்மீன் தகடுகளை எண்ணும் கறுப்பினப் பெண்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறாள்.
உடனே திரையில் எழுத்து:
பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு.
வெள்ளை அதிகாரி கதவைத் திறந்துவிடுகிறார்,
வயலின் எழுகிறது,
எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

ஜெபக்கனி தட்டவில்லை.
ஆஸ்பத்திரி லேபில் ரத்த அணு எண்ணும் அவளுக்கு
இது ஒன்பதாவது வருஷம்.
டாக்டரின் கட்டுரையில்
கடைசி வரிக்கும் கீழே
‘உதவி: ஆய்வகப் பணியாளர்கள்.’

படம் தாண்டிக் குதித்த இடத்தில்தான்
அவள் குடியிருக்கிறாள்.
அங்கே வயலின் கிடையாது.
ஃபேன் சத்தம்,
நாலு மணிக்கு மேல் வலிக்கும் இடது கண்.

வெளியே வேலூர் வெயில்.
பாகாயம் பஸ்ஸில் நின்றபடி கணக்குப் போட்டாள்,
எண்ணுவது பழகிப்போச்சு:
இரண்டரை மணி நேரத்தில்
அந்தப் பெண்ணின் பெயரை
ஏழு முறை சொன்னார்கள்.
மூன்று முறை தப்பாக.