நடு குழிந்த கேக்

அடுப்பு மேடையை மூன்றாம் தடவையும் துடைத்தேன்.
ராத்திரி யாரோ சப்பாத்தி தேய்த்த மாவு
ஓட்டின் இடுக்கில் இன்னும் வெளுத்துக் கிடந்தது.

நைனாருக்குக் கோதுமை ஆகாதென்று
மருத்துவமனைச் சீட்டு சொன்ன நாள்முதல்
குப்பூஸ் மலிந்த ஃபஹாஹீலில்
அவன் பசி மட்டும் விலையேறிவிட்டது.
பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்தோம்,
அதிலும் மைதா.

பச்சரிசி மாவு, கொட்டையெடுத்த பேரீச்சை,
தேங்காய்ப்பால் டின், நாலு முட்டை.
டிரே புதுசு. பழையதை நம்ப முடியாது.
ஓவன் கண்ணாடிக்கு முன் குந்திக்கொண்டான்
ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி.

உப்பியது.
கதவைத் திறந்தேன், பொத்தென்று நடு அமுங்கியது.
"கேக் கேட்டா கிணறு வெட்டியிருக்கே"
என்றான் சகாயம்.

குழியில் பேரீச்சைப் பாகை ஊற்றி நிரப்பினேன்.
ஓரம் மணலாய் நறநறத்தது;
நடுப்பகுதி,
கொழுக்கட்டையாகப் பார்த்து மனசு மாறிய ஏதோ.

என்னுடையதும் சேர்த்து ஐந்து கை நீண்டது.
இரண்டு வருஷமாய் எங்கள் தட்டுகளிலிருந்து
தள்ளியே உட்கார்ந்தவன்
டிரேயை நெஞ்சோடு இழுத்துக்கொண்டான்:
"எல்லார் கையிலயும் குப்பூஸ் இருக்கு.
சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

வாஷ்பேசின் முன் வரிசை.
செய்தவன் நான்,
நாலாவதாக நின்றேன்.