இருட்டுத் தட்டு

ட்ரொம்ஸோவில் நவம்பர் கடைசியில் போகும் சூரியன்
ஜனவரி பாதி தாண்டித்தான் திரும்பும்.
வெளியே அந்த இருட்டு.
உள்ளே என் அறையில், நானே செய்துவைத்த இன்னொன்று.
இரண்டுக்கும் நடுவே ஒரு நடைக்கூடம்,
ஒரு காபி இயந்திரம்.

அறைக்குள் மங்கலாக ஒரு பச்சை விளக்கு.
பச்சையை விதைகள் அவ்வளவாகப் பொருட்படுத்தாது.
அந்த வெளிச்சத்தில் என் விரல்கள்
நெடுநேரம் நீரில் கிடந்தவளுடையவை.
ஈரத்தாள் விரித்த தட்டில்
லெட்டூஸ் விதைகளை ஐம்பது ஐம்பதாக எண்ணிப் போடுவேன்.
எண்ணும்போது யாரும் பேசக் கூடாது.
நான் மட்டும் இருக்கும் அறையில்
இந்த விதியைப் பலமுறை மீறியிருக்கிறேன்.

ஒரு நிமிடம் சிவப்பு ஒளி காட்டினால் விதை முளைக்கும்.
அதன்மேல் தொலைசிவப்பைக் காட்டினால்
(நம் கண்ணின் விளிம்பில் நிற்கும் நிறம்,
மேலே இன்னோர் இலை இருக்கிறது என்னும் சேதி)
முளைக்காது.
மறுபடி சிவப்பு: முளைக்கும்.
மறுபடி மற்றது: இல்லை.
நூறு முறை மாற்றினாலும்
கடைசியாகப் பட்டதே தீர்ப்பு.
முந்தைய தொண்ணூற்றொன்பதும்
விதைக்கு நடக்கவேயில்லை.

டிசம்பர் பத்தாம் தேதி
ஒளியே படாத தட்டு முளைத்துவிட்டது.
ஐம்பதில் முப்பத்தேழு.
வெள்ளை வேர்நுனிகள்,
சொல்லிக்கொடுத்த சாட்சிகள்போல ஒரே பக்கம் வளைந்து.
திரும்பச் செய்தேன். நாற்பத்தொன்று.
திரும்ப. முப்பத்தொன்பது.

இரவில் துப்புரவுக்கு வருபவர் ஹப்தோம்.
அஸ்மாராவில் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர்
என்று யாரோ சொன்னார்கள். நான் கேட்டதில்லை.
என் கதவருகே அவருடைய குப்பைக்கூடை நின்றது.
எனக்கு அது போதுமாக இருந்தது.
"கதவைத் திறந்தீர்களா?"
"இல்லை."
"நான்கு விநாடி போதும், தெரியுமா?"
"திறக்கவில்லை."
நடைக்கூட விளக்கு
எங்கள் இருவர்மேலும் எரிந்துகொண்டிருந்தது.
மேற்பார்வையாளர் ஓட்வாருக்கு எழுதினேன்.
மூன்றே வரி. மரியாதையான வரிகள்.
அடுத்த வாரம் அவரைக் கீழ்த்தளத்துக்கு,
மீன் ஆய்வுப் பக்கம் மாற்றினார்கள்.

தட்டு முளைத்துக்கொண்டேயிருந்தது.

ஜனவரி எட்டு, இரவு பதினொன்றரை.
பச்சை பல்பு போய்விட்டது.
எதையாவது தட்டிவிடுவேனோ என்று
நகராமல் நின்றேன். எவ்வளவு நேரமோ.
பிறகு, மேலடுக்கின் பின்சுவரில்
கடுகில் பாதியளவு ஒரு சிவப்பு.
நவம்பரில் நானே வாங்கி
நானே மாட்டிய புது வெப்பமானி.
வேலைசெய்கிறேன் என்று சொல்வதற்கு அதற்கு அந்தப் புள்ளி.
என் கண்ணுக்கு இத்தனை நாள் ஒன்றுமேயில்லை.
ஊறிக் கிடந்த விதைகளுக்கு ஓயாத விடியல்.

கறுப்பு நாடா, கட்டைவிரல் நகமளவு.
அடுத்த தட்டு: ஐம்பதில் இரண்டு.

கீழே போனேன். உப்பும் தீவனமும் கலந்த வாடை.
வெப்பமானி என்றேன், சிவப்பு என்றேன்,
அறுநூற்று அறுபது நானோமீட்டர் என்றுகூடச் சொன்னேன்.
மன்னிப்பு என்னும் சொல் அதற்கும் பின்னால்தான் வந்தது.
துடைப்பானைப் பிழிந்துகொண்டே கேட்டார்:
"எத்தனை முளைத்தன?"
"முப்பத்தேழு. நாற்பத்தொன்று. முப்பத்தொன்பது."
"சராசரி முப்பத்தொன்பது," என்றார், நிமிராமலே.
"நல்ல விதை."
மேலே திரும்பி வருகிறீர்களா என்றேன்.
"இங்கே பழகிவிட்டது."

கட்டுரையை முடித்து அனுப்பிவிட்டேன்.
கடைசி ஒளி முந்தைய ஒளியை அழிக்கிறது
என்ற வாக்கியத்தில்
"லெட்டூஸ் விதைகளில்" என்பதைப்
பிறகு சேர்த்தேன்.

ஜனவரி இருபத்தொன்று.
ஊர் முழுக்கச் சூரிய பன் தின்கிறது.
எல்லோரும் வெளியே வந்து தெற்கு மலையைப் பார்த்து நின்றோம்.
சரக்குக் கதவருகே ஹப்தோம், கையில் காகிதத்தில் ஒரு பன்.
தலையசைத்தேன். அசைத்தார்.
மலைமேல் மேகம்.
மணியைப் பார்த்து யாரோ
வந்துவிட்டது என்றார்கள்.