விரல்கள் உள்ள கோப்பு

ஒதார் கைப்பேசி வழியாக வந்தார்.
புகைப்படத்தைப் புகைப்படமெடுத்து அனுப்பியிருந்தாள் லமாரா.
சட்டத்தைக் கழற்றாமல் எடுத்திருக்கிறாள்;
கண்ணாடியில் அவர் நெற்றிமேல் ஒரு ஜன்னல்,
ஜன்னலுக்குள் அவள் கட்டைவிரல்.
முதலில் அதைத் துடைத்தேன்.

செஸ்தபோனி, நெடுஞ்சாலை ஓரம், தகரக் கூரை.
பின்னால் உலோக ஆலை மூன்று ஷிஃப்டும் இருமும்.
முற்றத்தில் பெயரில்லாத பதினேழு கருங்கற்கள்
மழையில் நிற்கின்றன.
உள்ளே நான், ஒரு கணினி, ஒரு வைர ஊசி.

நிறத்தை உருவிவிட்டால்
எல்லோரும் சாம்பல்தான்.
(தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்,
நிறத்தைத்தான் சொன்னேன்.)
இருநூற்றைம்பத்தாறு வகைச் சாம்பல்:
பூச்சியம் கறுப்பு, கடைசி எண் வெள்ளை,
நடுவில் எங்கோ ஒதாரின் கன்னம்.

கல்லே கறுப்பு. ஆகவே கணக்கு தலைகீழ்.
இருட்டைச் செதுக்க வேண்டியதில்லை,
அது ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது.
ஊசி வெளிச்சத்தை மட்டும் கொத்தும்.
மீசைக்குக் கீழே பல் மினுங்கினால் அழுத்திக் கொத்தும்.
கண்மணி வந்ததும் தூக்கிக்கொண்டு தாண்டும்.
பார்வை என்பது
ஊசி படாத இடம்.

எக்ஸ் நூற்றுப்பதினொன்று, ஒய் முன்னூற்றிரண்டு: அடி.
கால் மில்லிமீட்டர் தள்ளி: அடி.
அடுத்தது: விடு.
ஒரு வரிசைக்கு ஆயிரத்தறுநூறு கேள்வி,
இரண்டாயிரத்து நானூறு வரிசை.
எல்லாம் கல்லின் இடது கீழ் மூலையிலிருந்து அளப்பது.
அந்த மூலை லாரியில் இடித்து உடைந்துபோனது.
ஆக, ஒதாரின் பூச்சியம்
காற்றில் இருக்கிறது.

‘தூசி நீக்கு’ பொத்தான் புருவத் தழும்பையும் தின்றது.
திருப்பி வைத்தேன்.
அப்போதுதான் பார்த்தேன், அவர் இடது தோளில்
நான்கு விரல்கள்.
ஆள் இல்லை. யாரோ படத்தின் ஓரத்தைக்
கத்தரித்திருக்கிறார்கள், நேராகக்கூட இல்லை.
மோதிரம் மட்டும் இருநூற்றைம்பத்தொன்று,
முகத்தில் எதையும்விடப் பிரகாசம்.

யாருடையது என்று நான் கேட்கவில்லை.
வைக்கவா, எடுக்கவா என்றுதான் கேட்டேன்.
தொலைபேசியின் மறுமுனையில்
அக்ரூட் உடைக்கும் சத்தம் நின்றது.
“எடு.”
மறுபடியும் உடைபட்டது.

விரல்களை எடுக்க இருபது நிமிடம்.
கோட்டில் அவை விட்ட மடிப்பை எடுக்க
இரண்டு மணி நேரம்.
கை போன பிறகும் தோள் தாழ்ந்தே இருந்தது;
அதை நிமிர்த்த எனக்குத் துணிவில்லை.
அந்த இடத்துக்குச் சுத்தமான பூச்சியம் கொடுத்தேன்.

இரவு முழுக்க ஊசி.
காலையில் லமாரா மினிபஸ்ஸில் வந்தாள்,
ஒரு துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு,
கல்லைக் குளிப்பாட்ட வந்தவள் மாதிரி.
முகத்தைப் பார்த்தாள். தலையாட்டினாள்.
பிறகு குனிந்து தோளருகே கை நீட்டினாள்.
“நெஸ்தான், இங்கே என்னவோ தெரிகிறதே.”

பாலிஷ் போட்ட கல்.
கொத்தாத இடமெல்லாம் கண்ணாடி.
“நீங்கள்தான்,” என்றேன்.
நீட்டிய கையைக்
கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பணத்தை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தாள்.
வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல்,
“பழைய படம் இருக்கிறதா?”
“அழித்துவிட்டேன்.”
“நல்லது,” என்றாள். போகவில்லை.
லாரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் போனாள்.

அழிக்கவில்லை.
கல் போன பின் காலி மேஜையில்
அந்தத் தோளின் பகுதியை மட்டும் ஓடவிட்டேன்.
முப்பத்தோராயிரத்து இருநூறு புள்ளி.
ஊசி வெறுங்காற்றைக் கொத்தியது,
சுண்டுவிரல், இடைவெளி, அடுத்த விரல்,
மோதிரம் வந்தபோது சத்தம் தடித்தது.
ஐந்து நிமிடம் பன்னிரண்டு நொடி.

அடுத்த கோப்பு ஒரு பஸ் ஓட்டுநர்.
கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார்.
வேலை குறைவு.