நூற்றெண்பது கேபி

ஒன்பது எம்பி எடையில் ஒரு கால்.
காலுக்குச் சொந்தக்காரன் இனூராக், ஏழு வயது,
மொத்தமாகவே இருபது கிலோ தேறமாட்டான்.
தூண்டில் முள் கிழித்த கணுக்காலிலிருந்து
சிவப்பு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.
மூன்று மணிக்கு அதன் கரையில் பேனாவால் கோடு போட்டேன்.
ஐந்தரைக்குக் கோட்டைத் தாண்டிவிட்டது,
மையொற்றுத் தாளில் மை நகர்வதுபோல,
சத்தமே இல்லாமல்.

நூக்கில் இருக்கும் டாக்டர் விபெகெ பார்த்துச் சொல்லவேண்டும்:
விடிந்ததும் ஹெலிகாப்டரா, இங்கேயே ஊசியா.
வெளியே பனிமேட்டிலிருந்து இறங்கும் காற்று
கூரைமேல் இருக்கும் தட்டைப் பிடித்து உலுக்குகிறது.
எழுபத்தொரு பேர் வாழும் ஊருக்கு
செயற்கைக்கோள் விட்டுவைத்த வழி
இன்று ஊசிக் காதளவு.
இருநூறு கேபி தாண்டினால் பாதியில் அறுந்துவிடும்.
மூன்று முறை அறுந்துவிட்டது.

சரி, குறைப்போம்.
தரம் எண்பது. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.
அறுபது. சுவர்ப்பலகையின் வரிகள் மழுங்கின.
மழுங்கட்டும், சுவருக்குக் காய்ச்சல் இல்லை.
நாற்பது. நூற்றெழுபது கேபி!
அனுப்பும் பொத்தானுக்குப் போன விரல்
ஏனோ நின்றது.

இந்த மென்பொருளுக்கு மனிதக் கண்ணை நன்றாகத் தெரியும்.
வெளிச்சம் பிசகினால் பிடித்துவிடுவோம்,
நிறம் பிசகினால் கண்டுகொள்ளமாட்டோம் என்று
யாரோ அளந்து வைத்திருக்கிறார்கள்.
அதனால் நாலு புள்ளிக்கு ஒரே நிறத்தைக் கொடுத்து
பங்குபோட்டுக்கொள்ளச் சொல்கிறது.
பனிப்பாறைக்கு, நாய்க்குட்டிக்கு, பிறந்தநாள் கேக்குக்கு
அது போதும்.
நானும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன், நூறு தடவை.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
காலின் பூனைமுடி தெளிவு. பேனாக்கோடு தெளிவு.
கோட்டுக்கு வெளியே போன சிவப்பு மட்டும்
சதுரம் சதுரமாக
தோலோடு சமாதானமாகிக் கிடந்தது.
படம் அழகாக இருந்தது.
பையனுக்குக் குணமாகிவிட்டதுபோல இருந்தது.

மறுபடி முதலிலிருந்து.
நிறத்தில் கைவைக்காதே என்று சொல்லிவிட்டு
கத்தரியை எடுத்தேன்.
திரைச்சீலை போனது. மருந்து அலமாரி போனது.
நாற்காலி, அதன் கால்கள், அடியில் இருந்த இருட்டு.
பிறகு, முழங்காலைப் பிடித்திருந்த அவியாயாவின் கை.
தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.
"என் கை எங்கே?"
"உன் கைக்கு முப்பது கேபி ஆகிறது."
"ஓ" என்றாள்,
விமானத்தில் பெட்டியை இறக்கச் சொன்னால்
இறக்குகிறவளைப்போல.
இனூராக் அழவில்லை. ஒரு காலுறையைக் காணோம் என்றுதான்
சிணுங்கிக்கொண்டே இருந்தான்.

ஆறு ஐம்பத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது.
ஏழு பத்துக்குப் பதில்:
சிவப்பு தெரிகிறது. எவ்வளவு சிவப்பு என்று தெரியவில்லை.
உங்கள் விளக்கு மஞ்சளா?
பக்கத்தில் நோயில்லாத தோல் ஏதாவது வைத்து எடுங்கள்.

நான் வாசித்து முடிப்பதற்குள்
அவியாயா கையைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.
கட்டைவிரல் நகம் கறுத்து,
சீல் தோல் வெட்டும் கத்தியின் பழைய தழும்போடு,
பையனின் காலையொட்டி, ஆடாமல்.
இந்த முறை படத்தின் நீள அகலத்தைப் பாதியாக்கினேன்.
நிறம் முழுசாக. கை முழுசாக.
நூற்றெண்பது.
நீலப் பட்டை எழுபதில் நின்றது,
நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடவில்லை,
பிறகு நகர்ந்தது.

ஊசி போடுங்கள். ஆறு மணிக்கு இன்னொரு படம்.
அதே கையோடு.

அவர்கள் போனபிறகு
அந்த ஒன்பது எம்பியைத் திறந்தேன், அழித்துவிடலாம் என்று.
நாற்காலிக்கு அடியில், நான் முதலில் வெட்டிய இருட்டில்,
சுருண்டு கிடக்கிறது
பச்சைக் கோடு போட்ட காலுறை.